காதில் விழும் கொலை

கொலை மர்மக் கதை அச்சு யுகத்தின் பிள்ளை. துப்புகளைப் பக்கங்களுக்கு நடுவே தூவிவிட்டு, வேண்டும்போது முன்பக்கங்களைப் புரட்டித் தம் ஐயத்தைச் சரிபார்த்துக்கொள்ளும் வாய்ப்பை வாசகருக்குத் தந்த பிறகே அந்த எழுத்துவகை தன் ஆட்டத்தைத் தொடங்கியது. 1929இல் கத்தோலிக்கக் குருவும் துப்பறியும் கதாசிரியருமான ரொனால்ட் நொக்ஸ் இவ்வகைக் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில், குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்டிவிட வேண்டும் என்பதும், துப்பறிபவர் கண்டெடுத்த துப்பு எதுவும் வாசகரிடம் மறைக்கப்படக் கூடாது என்பதும் அடங்கும். எந்தத் துப்பு எந்தப் பக்கத்தில் வந்தது என்று கடைசியில் பட்டியல் போட்டுக் காட்டிய நாவல்களும் அக்காலத்தில் வெளிவந்தன. ஆகவே, பயிற்சி பெற்ற ஒரு குரல் நூல் முழுவதையும் வாசித்துப் பதிவு செய்த வடிவமாகிய ஒலிநூலில் இத்தகைய கதையைக் கேட்பது, அந்த ஆட்டத்தின் அடிப்படை விதியையே மாற்றிவிடுகிறது. கேட்பவர் கருவியைப் பின்னோக்கி நகர்த்தலாம் என்பது உண்மை. ஆனால் கண் ஒரு பக்கத்தைத் துழாவுவதுபோல் காது ஓர் அத்தியாயத்தைத் துழாவ முடியாது. காதில் விழுந்தது விழுந்ததுதான். கதை மேலே நடந்துவிடுகிறது.

உம்பர்ட்டோ எக்கோ 1980இல் இத்தாலிய மொழியில் வெளியிட்ட ‘ரோஜாவின் பெயர்’ இந்த மாற்றத்தை ஆராய மிகப் பொருத்தமான நாவலாகும். 1327ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், வட இத்தாலியின் மலையொன்றின் மேலுள்ள பெனடிக்ட் சபைத் துறவிமடத்தில் ஏழு நாட்களுக்குள் துறவிகள் ஒருவர் பின் ஒருவராக இறக்கிறார்கள். பிரான்சிஸ்கன் சபைத் துறவியான வில்லியம், இளம் துறவி அட்சோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு விசாரிக்கிறார். முதல் நூறு பக்கங்களைச் சுருக்கும்படி நண்பர்களும் பதிப்பாளர்களும் கேட்டபோது தாம் மறுத்ததைப் பின்னாளில் எக்கோ விளக்கியிருக்கிறார்: மடத்துக்குள் ஏழு நாள் தங்க விரும்புகிறவர் மடத்தின் வேகத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும், மலையேறுகிறவர் தம் மூச்சை ஏற்றத்துக்கு இசையப் பழக்கிக்கொள்வது போன்றது அது. தாண்டிப் படிக்கும் கண்ணைவிட, வந்ததையெல்லாம் வந்த வரிசையிலேயே வாங்கிக்கொள்ளும் காது இந்த நிபந்தனைக்கு எளிதாக உட்படுகிறது. நாவலில் மொழிபெயர்க்கப்படாமல் விடப்பட்டிருக்கும் லத்தீன் வாக்கியங்களும் அப்படித்தான். கோயில் பூசையில் பொருள் விளங்காத மந்திரத்தைச் செவிமடுத்துப் பழகிய தமிழ்ச் செவிக்கு அவை இடறலாகப்படுவதில்லை. அவை அந்த இடத்துக்குரிய ஓசையாகி விடுகின்றன.

அந்த மடமே உரத்து வாசிப்பதைக் கேட்டு வாழ்ந்த மடம் என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு எழுதிவைத்த ஒழுங்குநூலின் 38ஆம் அதிகாரம், உணவு வேளையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் பேசாமல் உண்ண வேண்டும் என்றும், வாசிப்பவர் வாரந்தோறும் மாற வேண்டும் என்றும் விதிக்கிறது. 48ஆம் அதிகாரமோ, பகலில் படுக்கையிலிருந்து வாசிக்க விரும்புகிறவர் பிறருக்குத் தொந்தரவில்லாமல் வாசிக்கட்டும் என்கிறது. தனியே வாசித்தாலும் வாய்விட்டே வாசிப்பது அந்நாளில் இயல்பாயிருந்தது என்பது இதனால் விளங்குகிறது. இந்தப் பின்னணியில் எக்கோவின் கதைமுடிச்சு கூர்மை பெறுகிறது. அரிஸ்டோட்டில் நகைச்சுவையைப் பற்றி எழுதியதாகக் கருதப்படும், இன்று கிடைக்காத நூலின் ஒரே பிரதியின் தாள்களில் நஞ்சு பூசப்பட்டிருக்கிறது. விரலை எச்சிற்படுத்தித் தாளைப் புரட்டுகிறவர் நஞ்சைத் தாமே நாவுக்குக் கொண்டுபோகிறார். யாருக்கும் தெரியாமல் தனியே உட்கார்ந்து வாசிக்கிறவரைக் கொல்லும் பொறி அது. அதே நூலை ஒருவர் வாசிக்கக் கேட்டிருந்தவருக்கு ஒன்றும் நேர்ந்திராது. பொறியை வைத்த ஜோர்கே கண்பார்வை இழந்த முதியவர் என்பதும், நூல்நிலையத்தை அவர் நினைவாலும் செவியாலுமே ஆண்டார் என்பதும் ஒலிநூலில் கேட்கும்போது தனி அழுத்தம் பெறுகின்றன. ஏனெனில் அவரைப் போலவே கேட்பவரும் இப்போது கண்ணை விட்டுக் காதை நம்பி அந்த மடத்துக்குள் நடக்கிறார்.

கொலையாளியின் பெயரை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது கதையைக் கெடுத்துவிடும் என்ற கவலை அச்சுப் பழக்கத்திலிருந்து பிறந்தது. இலங்கையின் மலையகத்தில், நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கதை கேட்டு வந்தவர்களுக்கு அந்தக் கவலை இருந்ததில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிய ஓரறை வீடுகளாகிய லயங்களின் இஸ்தோப்பில், அதாவது காம்பரா எனப்படும் அறைக்கு முன்னுள்ள சிறு திண்ணைப் பகுதியில், எழுத்துத் தெரிந்த ஒருவர் சென்னையில் அச்சான ‘பெரிய எழுத்து’ நூல்களை இராகம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பது வழக்கமாயிருந்தது. நல்லதங்காள் தன் பிள்ளைகள் ஏழு பேரையும் கிணற்றில் போடப்போகிறாள் என்பதும், மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்படுவான் என்பதும் தெரியாமல் அந்த வட்டத்தில் உட்கார்ந்தவர் எவருமில்லை. தெரிந்த கொலையை மறுபடி கேட்க வந்தவர்கள் அவர்கள். இந்த மண்ணுக்குத் துப்பறியும் கதை வேற்றுச் சரக்கும் அல்ல. தோட்டத் தொழிலாளரின் முதல் தொழிற்சங்கத் தலைவரும் பத்திரிகையாளருமான கோ. நடேசய்யர் 1924இல் எழுதியதாக அறியப்படும் ‘மூலையில் குந்திய முதியோன் அல்லது துப்பறியும் திறம்’, மலையகப் புனைகதையின் தொடக்கப் படைப்புகளுள் வைத்துப் பேசப்படுவது. தலைப்பைப் பார்த்தவுடன், லண்டன் தேநீர்க்கடையொன்றின் மூலையில் உட்கார்ந்தபடியே வழக்குகளை அவிழ்த்துவிடும் கிழவரைப் படைத்த ஓர்ட்ஸி சீமாட்டியின் ஆங்கிலக் கதைகள் நினைவுக்கு வருகின்றன. மலையில் கொழுந்து கிள்ளியவர்களுக்காகப் போராடிய ஒருவர், அந்தக் கொழுந்து கடைசியில் போய்ச் சேரும் கடையின் மூலையிலிருந்து புறப்பட்ட துப்பறியும் மரபோடு தொடர்புபடுவது வெறும் தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் மலையக எழுத்தும் துப்பறியும் மரபும் அப்போதே அருகருகே வந்துவிட்டன என்பதற்கு அது சான்றாகும்.

மலையகத்தின் மிகப் பெரிய கொலைக் கதை எழுத்தில் இல்லை, களத்தில் நடக்கிறது. மாசி மாத அமாவாசை கழிந்த மூன்றாம் பிறையையொட்டித் தோட்டத்தின் பொதுவிடத்தில் காமன் கம்பம் நட்டு, முழுநிலவை நோக்கிப் பல இரவுகள் தொடர்ந்து ஆடப்படும் காமன் கூத்தே அது. தவத்தில் ஆழ்ந்திருக்கும் சிவனின் தியானத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை ஏவுகிறார்கள், போகாதே என்று ரதி மன்றாடுகிறாள், அவன் கரும்பு வில்லும் மலர்க் கணையுமாகப் போகிறான், நெற்றிக்கண் திறக்கிறது. கந்தபுராணத்தில் ‘காம தகனப் படல’மாக வருவதும், சிவனின் வீரச்செயல் நிகழ்ந்த எட்டுத் தலங்களுள் ஒன்றான திருக்குறுக்கையோடு சேர்த்துச் சொல்லப்படுவதும் இந்நிகழ்ச்சியே. கூத்தில் மதனாகவும் ரதியாகவும் வேடங்கட்டுகிறவர்கள் அதே தோட்டத்து ஆண்கள். நேற்று வரை பக்கத்து நிரையில் நின்று வேலை செய்தவர்கள். எரிக்கும் இரவில் தப்பின் அடி மாறுகிறது. தப்பு என்பது தோல் போர்த்திய வட்ட வடிவப் பறை. சூடு காட்டி முறுக்கேற்றிக் தோளில் தொங்கவிட்டு, இரு கைக் குச்சிகளால் அடிக்கப்படுவது. வரவுக்கு ஓர் அடி, வழிநடைக்கு ஓர் அடி, எரிவுக்கு ஓர் அடி என்று பிரித்தறியத் தோட்டத்துச் சிறுவர்களுக்கும் தெரியும். முகத்தைப் பார்க்க முடியாத பனிமூட்டத்திலும், மேட்டு லயத்தில் படுத்திருக்கும் முதியவர், கதை இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத் தப்பின் ஒலியைக் கொண்டே சொல்லிவிடுவார். அந்த முதியவருக்குக் கூத்து முழுதும் ஒலிவடிவம்தான்.

துப்பறியும் இலக்கியத்தின் கண்ணாடியால் இந்தக் கூத்தை நோக்கினால் அங்கே கண்டறிய ஒன்றுமில்லை: கொன்றவர் யார், எதனால், எதற்காக, யார் கண் முன்னால் என்பதெல்லாம் முதல் நாளே வெளிச்சம். ஆனால் எக்கோவின் நாவலையும் இதையும் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே குற்றத்தைப் பேசுவது புலப்படும். இரண்டிலும் கொல்வது தவநிலை. இரண்டிலும் கொல்லப்படுவது அந்தத் தவநிலையைக் குலைக்கக்கூடிய உடலின் இன்பம். ஜோர்கே சிரிப்புக்கு அஞ்சுகிறார். அரிஸ்டோட்டிலைப் போன்ற பேரறிஞர் சிரிப்புக்குத் தத்துவ மதிப்புத் தந்துவிட்டால் மக்களுக்கு இறைவனிடத்துள்ள அச்சம் போய்விடும் என்பது அவர் வாதம். நெற்றிக்கண்ணில் எரிவதோ காதல். வேறுபாடு முடிவில் இருக்கிறது. ஜோர்கே கடைசியில் நஞ்சு தோய்ந்த தாள்களைத் தாமே தின்கிறார், நூல்நிலையம் எரிகிறது, எரிந்த நூல் திரும்பி வருவதில்லை. காமனோ ரதியின் அழுகைக்குப் பிறகு அவள் கண்ணுக்கு மட்டும் புலப்படும்படி எழுப்பப்படுகிறான். உயிர்ப்பிக்கும் சடங்கு முடியாமல் தோட்டத்தில் கூத்து நிறைவு பெறுவதில்லை. ஆகவே கேட்பவரின் கேள்வி ‘யார் கொன்றது’ என்பதிலிருந்து ‘இது தகுமா’ என்பதற்கு மாறுகிறது. தஞ்சைப் பகுதியில் காமன் விழாவையொட்டிப் பாடப்படும் லாவணி இந்தக் கேள்வியை வெளிப்படையாகவே வழக்காக்குகிறது: மன்மதன் எரிந்தான் என்று நிறுவுவோர் எரிந்த கட்சி, எரியவில்லை என்று மறுப்போர் எரியாத கட்சி, இரு தரப்பும் விடிய விடியப் பாட்டிலேயே வாதாடும். இறந்தவர் யார் என்பது தெரிந்தும் இறப்பையே வழக்கு மன்றத்துக்கு இழுக்கும் இந்த மரபு, பொழுதுபோக்குத் துப்பறியும் நாவல்களில் பெரும்பாலானவை எட்டாத இடத்தைத் தொடுகிறது.

புத்தகமே கொலைக்கருவியாவதும் தமிழுக்குப் புதிதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், திருக்கோவலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், சிவனடியார் வேடம் பூண்டு, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்குள் நுழைகிறான். எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்றை உரைக்க வந்ததாகச் சொல்லி, தனிமை வேண்டும் என்கிறான். அரசர் அரசியை அனுப்பிவிட்டு, தாம் தாழ இருந்து கேட்கத் தயாராகிறார். சுவடி அவிழும்போது கத்தி வெளிவருகிறது. உயிர் போகும் நிலையிலும், கொன்றவனை ஊர் எல்லைவரை பத்திரமாகக் கொண்டுபோய் விடும்படி மெய்க்காவலன் தத்தனுக்கு ஆணையிடுகிறார். எக்கோவின் மடத்தில் வாசித்தவர்கள் இறக்கிறார்கள். சேக்கிழாரின் அரண்மனையில் கேட்கக் காத்திருந்தவர் இறக்கிறார். முன்னதில் எழுத்து உண்டு, அதன்மேல் நஞ்சு பூசப்பட்டிருக்கிறது. பின்னதில் எழுத்து இருந்ததாகக் காட்டப்பட்டதே ஏமாற்று. ஐயப்பட்டுத் தடுக்கப் பார்த்த தத்தனே அக்கதையின் துப்பறிபவன். அவன் ஐயம் சரியானது என்பது கேட்பவர்கள் அனைவருக்கும் தெரியும், அரசர் ஒருவரைத் தவிர. கதையின் இழுவிசை இரகசியத்தில் இல்லை, எச்சரிக்கை செவியில் ஏறாமல் போவதில் இருக்கிறது. ரதியின் மன்றாட்டும் அப்படியே.

துறவிமடத்தின் நாள் மணியோசையால் வகுக்கப்பட்டது. நள்ளிரவுக்குப் பிந்திய வழிபாட்டிலிருந்து படுக்கைக்கு முந்திய வழிபாடு வரை வேளைதோறும் மணி அடிக்கும்; எக்கோ தம் அத்தியாயங்களையே அந்த வேளைகளின் பெயரால் பிரித்தார். தேயிலைத் தோட்டத்தின் நாளையும் ஒலிதான் வகுத்தது. விடியுமுன் தப்படித்துப் பெரட்டுக்கு அழைப்பார்கள். பெரட்டு என்பது அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்காகத் தொழிலாளரை வரிசையாக நிறுத்தும் காலைக்கூட்டம். பிறகு ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையின் சங்கு. இந்த ஒற்றுமையைக் கண்டு தோட்டத்தைத் துறவிமடமாக்கிப் பார்ப்பது எளிது, ஆனால் அது பிழை. துறவி தம் விருப்பத்தால் உறுதிமொழி கொடுத்தவர். தொழிலாளி கடனால் கட்டுண்டவர். மடத்து மணி வேலையை நிறுத்தி வழிபாட்டுக்கு அழைத்தது. தோட்டத்துத் தப்பு உறக்கத்தை நிறுத்தி வேலைக்கு அழைத்தது. ஆனால் பெரட்டுக்கு அடித்த அதே கைகள்தான் மாசியில் காமன் கூத்துக்கும் அடித்தன. தோட்டத்தை நடத்திய துரைக்குரிய ஒலியைத் தங்களுக்குரிய ஒலியாக மீட்டுக்கொள்ளும் காலம் ஆண்டுக்கு ஒருமுறை வந்தது.

மலையகத்தில் பெனடிக்ட் மடம் என்பது வெறும் உவமையும் அன்று. 1231இல் இத்தாலியின் மொந்தே ஃபானோவில், எக்கோவின் கதை நிகழும் காலத்துக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னர், புனித சில்வெஸ்டர் தொடங்கிய பெனடிக்ட் கிளைச் சபையின் துறவிகள் 1845இல் இலங்கைக்கு வந்தார்கள். கண்டியிலுள்ள அவர்களது மடம் இன்றும் அந்த இத்தாலிய மலையின் பெயரையே தாங்கியிருக்கிறது. அப்புத்தளையில், தோட்டத்துரையாயிருந்து வணிகத்தில் உயர்ந்த சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கருங்கல்லால் கட்டிய அடிசம் மாளிகை, 1960களின் தொடக்கத்தில் அச்சபையிடம் வந்து, புனித பெனடிக்ட் மடமாயிற்று. துரை விட்டுச்சென்ற நூலறை அங்கே இன்னும் பேணப்படுகிறது. துரை வாசித்த நூல்கள் துறவிகளின் காவலில் இருக்கும் மாளிகையைச் சுற்றி, அந்நூல்களை ஒருபோதும் தொட்டிராதவர்கள் கிள்ளிய தேயிலை மலைகள் கிடக்கின்றன.

எழுத்தின் நஞ்சு மலையகத்தில் வேறு தாள்களில் இருந்தது. தொழிலாளி, ஆள் திரட்டி வேலை வாங்கிய கங்காணியிடம் பட்டிருந்த கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டைத் தீர்க்காமல் அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது; அந்த முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அன்றாட வேலைக்கு முழுநாள் கூலியாகிய பேர் விழுந்ததா, அரைநாள் கூலியாகிய அரைப்பேரா என்பதைச் செக்ரோல் எனப்படும் வருகைப் பதிவேடு தீர்மானித்தது. அதைத் திறந்து பார்க்கும் உரிமை கணக்கப்பிள்ளைக்கு இருந்தது, கொழுந்து எடுத்தவளுக்கு இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பிரித்து, 150,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. தம் வாழ்வைத் தீர்மானித்த தாள்களைத் தாமே வாசிக்க முடியாதிருந்த ஒரு சமூகத்துக்கு, எக்கோ காட்டும் பூட்டிய நூல்நிலையம் என்பது தொலைதூர இத்தாலியக் கற்பனையன்று.

உண்மையான கொலைகளும் மலையகத்தில் நிகழ்ந்தன. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் தொழிலாளி கோவிந்தன் இறந்தார். விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது. சுட்டது யார் என்பதில் அங்கே மர்மம் ஏதுமில்லை. சுட நேர்ந்ததா, சுடுவது தகுமா என்பதே கேள்வி. சட்டம் தன் மொழியில் அதைக் கேட்டது. தோட்டம் தன் மொழியில் கேட்டது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலைப் புரட்டுகிறவர், கங்காணியின் கொடுமையும் துரையின் அடியும் பெயர் சொல்லியே பாடப்பட்டிருக்கக் காண்பார். குற்றவாளியை மறைத்துவைத்து இறுதியில் காட்டும் உத்திக்கு அந்தப் பாடல்களில் இடமில்லை. குற்றவாளி எதிரில் நிற்கிறான். வேண்டியதெல்லாம் கேட்கும் செவி.

இவ்விடத்திலிருந்து திரும்பிப் பார்த்தால், எக்கோவின் நாவல் தன் வகையின் விதிகளை உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருப்பது தெரியும். திருவெளிப்பாட்டு நூலின் எக்காளங்களை ஒட்டிக் கொலைகள் ஒழுங்காக நடப்பதாக வில்லியம் கருதுகிறார். அந்தத் திட்டம் எவருடையதும் அல்ல, அவர் தாமே கட்டிக்கொண்டது. பிழையான வழியில் போய்ச் சரியான ஆளைக் கண்டடைகிறார், அதனால் நூலையும் காக்க முடியவில்லை, மடத்தையும் காக்க முடியவில்லை. வாசகராகத் துப்புகளைச் சேர்த்துக்கொண்டே வந்தவருக்கு இது ஏமாற்றம். பக்கம் புரட்ட முடியாத காரணத்தால் துப்புகளை வழியிலேயே நழுவவிட்டு, சிரிப்பு பாவமா என்று துறவிகள் நீள வாதாடியதையே நினைவில் தேக்கி வந்த கேட்பவருக்கு இது இயல்பான முடிவு. ‘யார்’ என்பது கரைந்து ‘தகுமா’ என்பது எஞ்சுகிறது. காமன் கூத்து விடிந்து முடிந்த காலையில் எஞ்சுவதும் அதுவே.

ஆனால் ஒலிநூலைக் கேட்கும் முறையில் ஒரு குறை இருக்கிறது. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல், தொழிலாளர்கள் தாமே கூலி கொடுத்து வைத்துக்கொண்ட வாசிப்பாளர், மேடையில் அமர்ந்து நாளிதழும் நாவலும் வாசிக்க, நூற்றுக்கணக்கானோர் கை ஓயாமல் சுருட்டிக்கொண்டே கேட்டார்கள். அடுத்து என்ன வாசிப்பது என்பதை வாக்கெடுத்தும் முடிவு செய்தார்கள். லயத்து இஸ்தோப்பிலும் படிப்பவரை நிறுத்திக் கேள்வி கேட்க ஆளிருந்தது. இன்று காதுக்குள் பொருத்திய கருவியில் தனியே கேட்கிறவர், பிறருக்குத் தொந்தரவில்லாமல் வாசிக்கட்டும் என்ற பெனடிக்டின் 48ஆம் அதிகாரத்துக்கு முற்றாகக் கீழ்ப்படிகிறார், 38ஆம் அதிகாரத்தின் பொதுப்பந்தியை இழந்துவிடுகிறார். துப்பறியும் கதை தன் தொடக்கக் காலத்திலிருந்தே இந்தத் தனிமையை அறிந்திருந்தது; அதனாலேயே வாசகருக்குப் பதிலாகக் கேள்வி கேட்க ஒரு வாட்சனையும் ஓர் அட்சோவையும் அது கதைக்குள் உட்கார வைத்தது. ‘யார்’ என்ற கேள்விக்கு அந்தக் கற்பனைத் துணை போதும். கொலையாளியின் பெயரை ஒருவர் தனியே இருந்தும் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கொலை தகுமா என்ற வழக்கைத் தனியே நடத்த முடியாது. அதற்கு எதிர்க்கட்சி வேண்டும்.